நிஜமாவே வலிக்குது

அமெதே வான்ஹோவுக்கு எழுபத்தாறாவது வயதில்தான் முதன்முதலாகக் கதாநாயகன் வேடம் கிடைத்தது. அதற்கு முன் நாற்பது வருஷமாக அவர் ஒரு காட்சியில் வந்து போகிற ஆள். கசாப்புக் கடைக்காரர், ஊர் மேயர், வாசலில் நின்று உள்ளே விட மறுக்கும் போலீஸ்காரர். முகம் எல்லோருக்கும் தெரியும், பெயர் யாருக்கும் தெரியாது. ரொட்டிக் கடையில் "உங்கள எங்கயோ பார்த்திருக்கேனே" என்பார்கள். "பார்த்திருப்பீங்க" என்று சொல்லிவிட்டு ரொட்டி கருகியிருக்கிறது என்று இன்னொன்று கேட்பார்.

படம் நகைச்சுவைப் படம். காலை உடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடக்கும் ஒரு சிடுமூஞ்சிக் கிழவரின் கதை. ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். நர்ஸிலிருந்து சூப் வரை எல்லாவற்றிலும் குற்றம் சொல்லி, கடைசியில் மனம் இளகி, அடுத்த படுக்கைக்காரரோடு கைகோத்து வீட்டுக்குப் போகிறவர். டைரக்டர் கபுசின் முப்பத்தெட்டு வயதுக்காரி. அவள் அமெதேயை ஏன் தேர்ந்தெடுத்தாள் என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. முதல் சந்திப்பிலேயே அவர் காபி ஆறிவிட்டது என்றார், நாற்காலி ஆடுகிறது என்றார், கதையின் நடுப்பகுதி அசட்டுத்தனம் என்றார். அவள் கைதட்டிச் சிரித்தாள்.

"நீங்க நடிக்கவே வேணாம், அமெதே. இப்படியே வந்து படுத்துக்கங்க, போதும்."

அந்தப் பேச்சு அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வேடம் வேண்டியிருந்தது. அதனால்தான், படம் தொடங்கும் முன் பாரிஸில் காப்பீட்டுக் கம்பெனியின் டாக்டர் "கால்ல ரத்தம் உறைஞ்சு கட்டி எதாவது வந்ததுண்டா?" என்று கேட்டபோது, அவர் ஜன்னலைப் பார்த்தபடி "கிடையாது" என்றார்.

வந்திருந்தது. சில வருஷங்களுக்கு முன், முழங்கால் அறுவைக்குப் பிறகு, இடது கெண்டைக்காலில். அப்போது வைத்தியம் பார்த்த டாக்டரம்மா கடைசி நாளில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருந்தாள். "மறுபடி வந்தா கெண்டைக்கால் கல்லு மாதிரி ஆயிடும், தொட்டா சுடும். அப்ப ஒரு நிமிஷம்கூட யோசிக்காதீங்க. அந்தக் கட்டி அங்கேருந்து கிளம்பி நுரையீரலுக்குப் போச்சுன்னா, அப்புறம் எங்க கையில ஒண்ணுமில்ல."

படப்பிடிப்பு நவம்பரில், புலோன் துறைமுகத்துக்கு மேலே குன்றின் மீது, மூடிக் கிடந்த ஒரு பழைய ஆஸ்பத்திரியில். புதிய கட்டடத்துக்கு எல்லாம் மாறிப் போனபிறகு இதை இடிக்க நாள் குறித்திருந்தார்கள். அதுவரை சினிமாக்காரர்களுக்கு வாடகை. மூன்றாம் மாடியில் ஒரு வார்டை மட்டும் வெள்ளையடித்துக் கட்டில்கள் போட்டிருந்தார்கள். அந்த வார்டின் கதவைத் தாண்டினால் வெறும் இருட்டுத் தாழ்வாரம், உடைந்த கண்ணாடி, புறாக்களின் எச்சம். கடல் காற்று எந்நேரமும் அந்தத் தாழ்வாரத்தில் நுழைந்து, யாரோ பெருமூச்சு விடுவதுபோல மறுபக்கம் வெளியேறியது.

வார்டுக்குள் எல்லாம் இருந்தது, எதுவும் வேலை செய்யவில்லை. பிராணவாயுக் குழாய் சுவருக்குள் போய் அங்கேயே முடிந்தது. படுக்கை மேல் திரையில் ஓடிய இதயத் துடிப்பு ஒரு கம்ப்யூட்டர் பையன் வரைந்தது. அமெதே எழுந்து கழிப்பறைக்குப் போனாலும் அது பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருந்தது. தலைமாட்டில் நர்ஸைக் கூப்பிடும் பொத்தான் சிவப்பாகத் தொங்கியது. முதல் நாள் அதை அழுத்திப் பார்த்தார். எங்கும் ஒன்றும் ஒலிக்கவில்லை. கீழே வாசலில் ஓர் ஆம்புலன்ஸ்கூட நின்றது. அதற்கு இன்ஜின் இல்லை.

"இந்த இடத்துல ஒருத்தனுக்கு நிஜமா எதாவது ஆனா என்ன பண்றது?" என்று அவர் ரெஜினிடம் கேட்டார். ரெஜின் ஒப்பனைக்காரி, அவரை இருபது வருஷமாக அறிந்தவள். தினமும் காலையில் அவருடைய இடது காலில் பொய் மாவுக்கட்டு மாட்டிவிடுவது அவள் வேலை. இரண்டு பாதியாகச் செய்த வெள்ளை ஓடு அது. காலை நடுவில் வைத்துச் சேர்த்து, பின்னால் வாரால் இறுக்குவாள்.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. எமன் வந்தாலும் லேட்டா வந்தேன்னு திட்டித் திருப்பி அனுப்பிடுவீங்க."

அடுத்த படுக்கையில் நடித்தவர் இசிதோர் போனால். குண்டு உடம்பு, வட்ட முகம், நாட்டில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த நகைச்சுவை நடிகர். அமெதேக்கு அவரைக் கண்டாலே ஆகாது. கேமரா ஓடாத நேரத்திலும் இசிதோர் சும்மா இருக்கமாட்டார். தலையணைக்கடியில் ரப்பர் எலி வைப்பார், நர்ஸ் குரலில் தாழ்வாரத்திலிருந்து கூப்பிடுவார். முதல் வாரம் ஒரு நாள் முகத்தில் மாவு பூசிக்கொண்டு வாய் திறந்தபடி படுக்கையில் விறைத்துக் கிடந்தார். விளக்குக்காரர்கள் ஓடிப் போய் கபுசினைக் கூட்டி வந்தார்கள். அவள் அழுதே விட்டாள். அப்போது இசிதோர் ஒரு கண்ணைத் திறந்து, "சாப்பாடு ரெடியா?" என்றார். மாலை வரை அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

"கோமாளி" என்றார் அமெதே.

"நன்றி. நீ சிடுமூஞ்சி. ரெண்டு பேருக்கும் அதுக்குத்தானே கூலி" என்றார் இசிதோர்.

இரண்டாம் வாரத்தில் கால் இழுத்துப் பிடிக்க ஆரம்பித்தது. காலையில் படுத்தால் மாலை வரை படுக்கைதான். ஒரே காட்சியைப் பத்துத் தடவை எடுப்பார்கள், விளக்கை மாற்றுவார்கள், மறுபடி எடுப்பார்கள். எழுந்து நடந்தால் போர்வையின் மடிப்புக் கலைந்துவிடும் என்று அவரை எழ விடுவதில்லை. கட்டு இறுக்கமாக இருக்கிறது, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டார்.

"வாரைத் தளர்த்து, ரெஜின்."

"நேத்து தளர்வா இருக்கு, கழண்டு விழுதுன்னீங்க."

"நேத்து வேற, இன்னிக்கு வேற."

அவள் ஒரு துளை தளர்த்தினாள். வலி தளரவில்லை. மதியம் சாப்பாட்டுக் கூடாரத்தில் எல்லோரும் மரோய் என்னும் அந்தப் பக்கத்துச் சீஸை வைத்துச் சுட்ட அப்பத்தைச் சூடாகத் தின்றுகொண்டிருந்தபோது, அவர் தனக்கென்று நிறுத்தியிருந்த ஒப்பனை வண்டிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கட்டைக் கழற்றினார். காலுறையை இறக்கிக் கெண்டைக்காலில் கை வைத்தார். சுட்டது. விரலால் அழுத்தினார். கல்.

வெளியே யாரோ தட்டை அலம்பும் சத்தம். இன்னும் சில நாள் வேலைதான் பாக்கி. சொன்னால் படம் நிற்கும். காப்பீட்டுக்காரர்கள் வருவார்கள், அவர் சொன்ன பொய் தெரியவரும், கூடாரத்தில் தின்றுகொண்டிருக்கும் அத்தனை பேரும் வீட்டுக்குப் போவார்கள். அதைவிடப் பெரிதாக ஒன்று இருந்தது, அதை அவர் மனசுக்குள்கூட மெதுவாகத்தான் சொல்லிக்கொண்டார்: இன்னொரு கதாநாயகன் வேடம் இனி வராது. காலுறையை ஏற்றிக் கட்டை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

அன்று பிற்பகல் முழுக்க அவர் யாரையும் திட்டவில்லை. அதை யாரும் கவனிக்கவுமில்லை.

மறுநாள் காலையில் ரெஜின் வரும்முன்பே கட்டைத் தானே மாட்டிக்கொண்டார். படியேறும்போது நடுவில் இரண்டு தடவை நிற்க வேண்டியிருந்தது. அப்போதுதான் பயம் முழுசாக வந்தது. வேடமாவது மண்ணாவது, சொல்லிவிடுவோம் என்று நேரே கபுசினிடம் போனார். அவள் கேமராக்காரரோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"கபுசின், என் கால் வலிக்குது. நிஜமாவே வலிக்குது."

அவள் திரும்பினாள், முகம் மலர்ந்தது. "இதே குரல். அமெதே, இதே குரல்தான் எனக்கு வேணும். பொத்தான் சீன்ல இப்படியே சொல்லுங்க."

"இல்லம்மா, நான் சொல்றது…"

"நேத்து முதுகு. முந்தாநாள் ஜன்னல் காத்து. அதுக்கு முன்னாடி சூப்ல உப்பு" என்றார் கேமராக்காரர். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். கபுசின் அமெதேயின் தோளை அன்போடு தட்டினாள். பழைய ரத்தக்கட்டியைப் பற்றிய வாக்கியம் அவர் நாக்கு நுனியில் இருந்தது. அத்தனை முகங்கள் நடுவில், நான் பொய் சொன்னேன் என்று தொடங்க வேண்டிய வாக்கியம். அவர் அதை விழுங்கிவிட்டுப் படுக்கையில் போய்ப் படுத்தார். ரெஜின் போர்வையைச் சரிசெய்யும்போது மட்டும் அவர் முகத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தாள்.

"பவுடர் ஜாஸ்தியா போட்டுட்டேனா? வெளிறிப் போய் இருக்கீங்க."

"சரியாத்தான் இருக்கு" என்றார் அமெதே.

காட்சி இதுதான்: கிழவருக்கு வலி. நர்ஸைக் கூப்பிடப் பொத்தானை அழுத்துகிறார், கத்துகிறார், யாரும் வருவதில்லை. அடுத்த படுக்கைக்காரர் பெண் குரலில் "வந்துட்டேன், வந்துட்டேன்" என்று ஏமாற்றுகிறார். இரண்டு டேக் நன்றாகவே போயின. மூன்றாவதுக்கு விளக்கை மாற்றினார்கள். அமெதே கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். ஜன்னலுக்கு வெளியே மூடுபனி துறைமுகத்தை முழுங்கிவிட்டிருந்தது. கப்பலின் ஊதல் மட்டும் எங்கிருந்தோ வந்தது.

"ஆக்‌ஷன்" என்றாள் கபுசின்.

அவர் பொத்தானை எடுக்கக் கையை நீட்டினார். அந்த நொடியில் விலாவுக்குள் யாரோ கத்தியைச் செருகித் திருகினாற்போல் இருந்தது. மூச்சை இழுத்தார், பாதிக்கு மேல் வரவில்லை. மறுபடி இழுத்தார். அவ்வளவுதான் வந்தது. என்ன நடக்கிறது என்று அவருக்குச் சந்தேகமே இல்லை. அது கிளம்பிவிட்டது.

பொத்தானை அழுத்தினார். அது ஒலிக்காது என்று தெரிந்தும் அழுத்தினார், விடாமல் அழுத்தினார்.

"நிஜமாவே வலிக்குது" என்றார். குரல் கீச்சென்று வந்தது. "யாரையாவது கூப்பிடுங்க. மூச்சு வரல. நான் சொல்றது… இது நடிப்பில்ல."

விளக்குகளுக்குப் பின்னால் இருட்டில் யாரோ சிரிப்பை அடக்கத் திணறினார்கள். ஒலிப்பதிவுக்காரர் தன் சட்டைக் கையைக் கடித்துக்கொண்டார். கேமரா தண்டவாளத்தில் ஓசையின்றி நகர்ந்து அவர் முகத்துக்கு அருகே வந்தது. கறுப்புக் கண்ணாடி வட்டத்தில் அவர் தன்னையே சின்னதாகக் கண்டார். அந்தச் சின்ன உருவம் வாயைத் திறந்து திறந்து மூடியது.

"நர்ஸம்மா வராங்க, தாத்தா. தலை சீவிட்டிருக்காங்க" என்றார் இசிதோர் பெண் குரலில்.

இருட்டில் ஒருவர் தாங்கமாட்டாமல் சிரித்தேவிட்டார்.

அமெதே தலையைத் திருப்பி இசிதோரைப் பார்த்தார். பேச மூச்சு இல்லை. இசிதோருக்கு அடுத்த வசனம் இருந்தது. அதற்காக வாயைத் திறந்தவர் அப்படியே நிறுத்தினார். அந்த வட்ட முகத்திலிருந்து கோமாளித்தனம் இறங்கிப் போனதை அமெதே பார்த்தார். இசிதோர் போர்வையை உதறிவிட்டு எழுந்தார். கேமரா ஓடும்போது எந்த நடிகனும் செய்யாத காரியம் அது. வெறுங்காலோடு நடந்து வந்து அமெதேயின் கையைப் பிடித்தார்.

"எழுந்திருக்காதே. நான் இருக்கேன்" என்றார் தன் சொந்தக் குரலில்.

"கட்" என்றாள் கபுசின். "இசிதோர், இது கதையில இல்லையே. டேக் எவ்வளவு அழகா போயிட்டிருந்துச்சு."

"ஆம்புலன்ஸ் கூப்பிடு."

"கீழதான் நிக்குதே" என்றது ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள்.

"விளையாடல. உதட்டைப் பாருங்க. நீலம் பாரிச்சுக் கிடக்கு."

"மாவு இருக்கா பாருங்கப்பா அவர் பையில" என்றார் கேமராக்காரர். "போன வாரம் நீங்க செத்துப் போனீங்க, இன்னிக்கு இவர் முறையா?"

இசிதோர் அவர்களைப் பார்த்தார். நாற்பது ஐம்பது முகங்கள், எல்லாம் அடுத்த சிரிப்புக்குக் காத்திருந்தன. பிறகு அவர் யாரிடமும் கெஞ்சவில்லை. குனிந்து போர்வையை உருவினார். பொய்க் கட்டின் வாரை இழுத்து அறுத்தார், ஓட்டின் மேல்பாதியைத் தூக்கித் தரையில் எறிந்தார், காலுறையைக் கீழே இறக்கினார். வலது காலைவிட இடது கால் ஒன்றரை மடங்கு இருந்தது. பளபளவென்று, கத்திரிக்காய் நிறத்தில்.

அந்த வார்டில் அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. ரெஜின்தான் முதலில் அசைந்தாள். போனை எடுத்து அவசர உதவியைக் கூப்பிட்டாள்.

மற்றதெல்லாம் அமெதேக்குத் துண்டுதுண்டாகத்தான் நினைவில் நின்றது. நர்ஸ் உடையில் ஒரு பெண் அவர் பக்கத்தில் முழங்காலிட்டிருந்தாள். அவர் அவள் சட்டையைப் பிடித்து ஏதோ கேட்டார். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க ஐயா" என்று அவள் அழுதாள். "நான் துணை நடிகை. இது வாடகை டிரஸ்." தலைக்கு மேலே திரையில் அவருடைய இதயம் ஆரோக்கியமாக, ஒரே சீராகத் துடித்துக்கொண்டிருந்தது.

கீழே நடந்ததை ரெஜின் பிறகு சொன்னாள். நிஜ ஆம்புலன்ஸ் வந்தபோது வாசல் காவலாளி கையைக் காட்டி நிறுத்திவிட்டானாம். மேலே ஷூட்டிங் நடக்கிறது, சைரனை அணைத்துவிட்டு மரத்தடியில் நில்லுங்கள் என்றானாம். இசிதோர் மூன்று மாடியும் வெறுங்காலோடு இறங்கி ஓடினார். ஆஸ்பத்திரிப் பைஜாமாவில் வேர்த்து விறுவிறுத்து வந்து நின்ற குண்டுக் கிழவரைக் கண்டதும், ஆம்புலன்ஸ்காரர்கள் அவரைப் பிடித்து ஸ்ட்ரெச்சரில் படுக்கவைக்கப் பார்த்தார்களாம்.

"நான் இல்லடா மடையா, மேல இருக்கான் ஒருத்தன்" என்று அவர் போட்ட கூச்சல் மூன்றாம் மாடி வரை கேட்டதாம்.

அமெதே பிழைத்தார். கட்டி நுரையீரலில் போய் அடைத்திருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் அவ்வளவுதான் என்றார்கள். புது ஆஸ்பத்திரியில் அவரைப் போல நல்ல நோயாளியைப் பார்த்ததில்லை என்று நர்ஸ்கள் சொல்லிக்கொண்டார்கள். கொடுத்ததைச் சாப்பிட்டார். நன்றி சொன்னார். ஜன்னலைத் திறக்கவும் சொல்லவில்லை, மூடவும் சொல்லவில்லை. பொத்தானை மட்டும் கையிலேயே வைத்திருந்தார், தூங்கும்போதும் விடவில்லை. ஒரு நாளைக்குச் சில தடவை காரணமில்லாமல் அழுத்துவார். தூரத்தில் மணி ஒலிக்கும், காலடிச் சத்தம் வரும். "என்ன வேணும் ஐயா?" என்பார்கள். "ஒண்ணுமில்ல" என்பார்.

இசிதோர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். எலியும் இல்லை, பெண் குரலும் இல்லை. வேடிக்கை இல்லாதபோது அவருக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. அமெதேதான் தொடங்கினார்.

"நான் டாக்டர்கிட்ட பொய் சொன்னேன். முன்னாடியே ஒரு தடவை வந்திருந்துச்சு."

"எனக்கு சர்க்கரை. நானும் இல்லேன்னுதான் சொன்னேன்" என்றார் இசிதோர். "நம்ம வயசுல உண்மையச் சொல்றவனுக்கு எவன் வேலை குடுக்கறான்?"

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது? வேற யாரும் நம்பல."

இசிதோர் யோசித்தார். "நீ என்னைப் பார்த்தே. ரெண்டு வாரமா பக்கத்துல படுத்திருந்தோம், ஒரு தடவைகூட நீ என்னைப் பார்த்ததில்ல."

படத்தை எப்படியோ முடித்தார்கள். முதுகு தெரிகிற இடங்களில் வேறு ஆளைப் போட்டு, கடைசிக் காட்சிக்கு மட்டும் அமெதேயை வசந்தத்தில் ஒரு பகல் அழைத்துக்கொண்டார்கள். அதன்பின் கபுசின் அவர் வீட்டுக்கு வந்தாள். கம்ப்யூட்டரை மேசைமேல் வைத்தாள், திறக்காமல் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அந்த டேக்" என்றாள். "நீங்க எடுத்துடச் சொன்னா எடுத்துடறேன். சத்தியமா."

"போடு."

பார்த்தார். நாற்பது வருஷமாகத் தன் முகத்தைத் திரையில் பார்த்திருக்கிறார், இந்த ஆளை அவருக்குத் தெரியாது. பொத்தானை அழுத்தும் அந்தக் கட்டைவிரல். கண்கள். இது நடிப்பில்ல என்று சொல்லும் வாய். பயங்கரமாக இருந்தது. கூடவே, சிரிப்பும் வரத்தான் செய்யும் என்று தொழில் தெரிந்தவராக அவருக்குப் புரிந்தது.

"தயாரிப்பாளர் கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சார். அவருக்கு விஷயம் தெரியும், ஆனாலும் சிரிச்சார்" என்றாள் கபுசின்.

"நீ சிரிச்சியா?"

அவள் கம்ப்யூட்டரை மூடினாள். "அன்னிக்குச் சிரிச்சேன். கேமராவுக்குப் பின்னாடி. அப்புறம் தினமும் அதை நெனைக்கறேன்."

அமெதே எழுந்து ஜன்னலருகே போனார். எதிர்வீட்டுக்காரர் நாயைக் கூட்டிக்கொண்டு போனார். ஏன் அப்படிச் சொன்னோம் என்று பின்னால் பல நாள் யோசித்தும் அவருக்கு விடை கிடைக்கவில்லை.

"வெச்சுக்கோ" என்றார். "மத்ததுல நான் அவ்வளவு நல்லா பண்ணல."

புலோனிலேயே முதல் காட்சி போட்டார்கள். ஊர் மேயர், புது ஆஸ்பத்திரி ஊழியர்கள், குடும்பம் குடும்பமாக ஜனங்கள். அரங்கம் நிறைந்திருந்தது. சூப் காட்சிக்குச் சிரித்தார்கள், ஜன்னல் காட்சிக்குச் சிரித்தார்கள். அமெதேயின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்மணி அவர் யாரென்று தெரிந்து முழங்கையால் இடித்து இடித்துச் சிரித்தாள். திரையில் ஜன்னலுக்கு வெளியே மூடுபனி வந்ததும் அவர் எழுந்தார். இருட்டில் அடுத்தவர் கால்களை மிதித்துக்கொண்டு வெளிக்கூடத்துக்கு வந்து கதவைச் சாத்தினார்.

இசிதோர் அங்கே முன்னாலேயே வந்து, படத்தின் பெரிய சுவரொட்டிக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நகர்ந்து இடம் கொடுத்தார்.

கதவுக்கு அந்தப் பக்கம் சிரிப்பு தொடங்கியது. முதலில் அங்கங்கே. பிறகு ஒரே அலையாக. அது உயர்ந்தது, தணிவதுபோல் வந்து மறுபடி உயர்ந்தது. கதவு லேசாக அதிர்ந்தது. அமெதே முழங்கால்மேல் வைத்திருந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. அதுவும் அவருக்குத் தெரியும்.

"என் சீனுக்கு எதுக்கும் இவ்வளவு நேரம் சிரிக்கல" என்றார் இசிதோர்.

கதவு இன்னொரு தடவை அதிர்ந்தது.

சட்டென்று சத்தம் நின்றது. தேய்ந்து அடங்கவில்லை, வெட்டினாற்போல் நின்றது. உள்ளே யாரோ ஒருவர் மட்டும் ஒரு கணம் தனியாகச் சிரித்துவிட்டு, அவரும் நிறுத்திக்கொண்டார். அத்தனை பேர் உட்கார்ந்திருக்கும் கூடத்திலிருந்து ஓர் இருமல்கூட வரவில்லை.

"என்னாச்சு?" என்றார் அமெதே.

"இப்ப திரையில நான் எந்திரிச்சு உன்கிட்ட வர்றேன். அதை கபுசின் வெட்டல."

இரண்டு பேரும் அந்த மௌனத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அது சிரிப்பைவிட நீண்டதாக இருந்தது. அமெதேக்கு உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்போல இருந்தது, எழ முடியவில்லை.

"தரை ஐஸ் மாதிரி இருந்துச்சு" என்றார் இசிதோர் மெல்ல. "மூணு மாடி வெறுங்காலோட ஓடினேன். அப்புறம் பத்து நாள் சளி. அதப் பத்தி ஒருத்தராவது கேட்டீங்களா?"

அமெதே அவரைத் திரும்பிப் பார்த்தார். "சளி போயிடுச்சா?" என்று கேட்டார்.